யமுனையில் யாருக்கு வழி?

டெல்லிக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. வயதைக் குறைக்கப் போனேன்.

என்னைப் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போன அன்று, தலைக்கு மேலாகக் கையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். எனக்கு அந்த வயதிலேயே நீளக் கை. விரல் காதை எட்டிவிட்டது. வாத்தியார் சந்தோஷமாக இரண்டு வயதைக் கூட்டி எழுதிக்கொண்டார். அந்த இரண்டு வருடம் ஐம்பது வருடம் கழித்து என்னைத் தேடி வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் எனக்கு லாஞ்ச் மாஸ்டர் வேலை. வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்கு, அதைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட்டைக் கொண்டுபோய் ஏணியில் ஏற்றிவிட்டு வரவேண்டும். அடுத்த வருடம் ஓய்வு என்று கடிதம் வந்தது. என் உண்மையான வயதுக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி இருந்தது. நகராட்சியின் பிறப்புப் பதிவு நகலை வைத்து எழுதிப்போட்டேன். காகிதம் டெல்லிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. "நேர்ல ஒரு எட்டு போயிட்டு வாருமே" என்றார்கள் ஆபீசில்.

டெல்லியில் என் தங்கை செண்பகம் இருந்தாள். அவள் கணவர் சுடலைமுத்து மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். கல்யாணமாகிப் பதினாறு வருடமாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு ஃபைல்தான் கடைசியில் என்னை வரவழைத்தது.

மாசி மாதத்து வியாழக்கிழமை காலை ரயிலை விட்டு இறங்கினேன். ஆட்டோக்காரர் அரைகுறை இங்கிலீஷில் எந்த ஊர் என்று கேட்டார். தூத்துக்குடி என்றேன். "அதைத்தான் கேட்கிறேன், மதராஸில் எந்த இடம்?" என்றார். வழியெல்லாம் சாலையை வெட்டிப் போட்டிருந்தார்கள். மேம்பாலங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நாற்சந்தியில் எங்கள் ஆட்டோவும் ஒரு லாரியும் ஒரு வெள்ளை அம்பாசடரும் ஒரே நேரத்தில் மூக்கை நுழைத்தன. லாரி பெரியது, ஆனாலும் அம்பாசடருக்காக நின்றது. அதன் முகப்பில் ஒரு சின்னக் கொடிக்கம்பம் இருந்தது. கொடிகூட இல்லை, கம்பம் மட்டும்தான். அப்போது அதை வேடிக்கையாகத்தான் பார்த்தேன்.

செண்பகத்துக்கு நெத்திலிக் கருவாடு கொண்டுபோயிருந்தேன். அவள் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பயம் வந்துவிட்டது. "அண்ணே, இத வறுத்தா மாடி வீட்டுக்காரி சண்டைக்கு வந்துருவாண்ணே" என்று எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு வறுத்தாள். கால் மணியில் கதவு தட்டப்பட்டது. மாடி வீட்டு வங்காளி அம்மாள் நின்றாள், கையில் ஒரு கிண்ணத்தோடு. சண்டைக்கு வரவில்லை. பங்குக்கு வந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையோடு ஆபீசுக்கு பஸ்ஸில் போனேன். டெல்லி பஸ் நிறுத்தத்தில் நிற்பதில்லை. நிறுத்தத்துக்கு முன்னாலோ பின்னாலோ கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக் கருணை காட்டும். ஆடுகிற லாஞ்சிலிருந்து ஆடுகிற ஏணிக்குத் தாவிப் பழகியவன் நான். தாவி இறங்கிவிட்டேன். ஒரு செருப்பு மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது. ஒற்றைச் செருப்போடு நடுரோட்டில் நின்றபோது, ஐம்பது கஜம் தள்ளிப் போய்விட்ட பஸ்ஸின் ஜன்னலிலிருந்து செருப்பு பறந்து வந்தது. "இந்தாங்க ஜி, உங்க சொத்து!" என்று இந்தியில் ஒரு குரலும் கூடவே வந்தது, அர்த்தம் சொன்னது மாப்பிள்ளை. எறிந்தவரின் தலைப்பாகை மட்டும்தான் தெரிந்தது. நல்ல குறி அவருக்கு.

ஆபீசில் என் ஃபைலைப் பற்றிக் கேட்டபோது, ஒரு குமாஸ்தா விரலை உயர்த்திக் கூரையைக் காட்டினார். முதலில் கடவுளைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "மேல் மாடியில மெஹ்ரா சாப் டேபிள்ல இருக்கு மச்சான்" என்று விளக்கினார் மாப்பிள்ளை. மெஹ்ரா ஜாயின்ட் செக்ரட்டரி. மாப்பிள்ளைக்கும் அவர்தான் பெரியவர். இந்த வருடம் மாப்பிள்ளையின் பதவி உயர்வு, மெஹ்ரா அவரைப் பற்றி எழுதப்போகும் ரகசிய அறிக்கையைப் பொறுத்தது.

"அவரை எப்படிப் பாக்கது?"

"ஆபீஸ்ல பாக்கணும்னா ஆறு மாசம் ஆவும். ஆத்துல பாத்தா ஆறு நிமிஷம்" என்றார் மாப்பிள்ளை. "ஞாயித்துக்கிழமை ஓக்லா போவோம். நான் படகு ஓட்டுதேன்லா, செண்பகம் எழுதலையா உங்களுக்கு?"

எழுதியிருந்தாள். நான்தான் நம்பவில்லை. இரண்டு வருடம் முன்பு மெஹ்ரா, ஒரு டீ வேளையில், ஆற்றுக்காற்று உடம்புக்கு நல்லது என்று சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறே அந்த மாடியிலிருந்து ஐந்து பேர் பாய்ப்படகுக் கிளப்பில் சேர்ந்துவிட்டார்கள்.

ஓக்லாவில் அணைக்கதவுகளுக்கு மேலே யமுனை அகலமாக, அலுப்போடு படுத்துக் கிடந்தது. எங்கள் ஊர்க் கடல் மாதிரி எழுந்து வந்து யார் என்று கேட்கிற தண்ணீர் இல்லை. கரையோரம் ஆகாயத்தாமரை, அதற்குள் எருமைகள், ஒரு தகரக் கொட்டகை, புல்வெளியில் பிரம்பு நாற்காலிகள். ரொட்டிக்குள் உருளைக்கிழங்கை வைத்துப் பொரித்த ஒரு பஜ்ஜியைச் சூடாகக் கொடுத்தார்கள். இரண்டு தின்றேன். மூன்றாவதுக்குக் கை நீண்டபோது மாப்பிள்ளை உடை மாற்றிக்கொண்டு வந்தார். கம்பளி ஸ்வெட்டர், தோல் ஷூ, கழுத்தில் மஃப்ளர்.

"ஷூவோடயா மாப்ளே?"

"குளிரும்லா மச்சான்."

தண்ணீரில் விழுந்தால் இரண்டு ஷூவும் இரண்டு கல் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். விருந்தாளி. இரண்டு பேர் உட்காரும் சின்னப் படகு அது. மாப்பிள்ளை மிதவைச் சட்டைகளை அடுக்கி அவற்றின்மேல் சௌகரியமாக உட்கார்ந்தார். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். காற்று திடீரென்று அறைந்தால் விட்டுவிடலாம். மாப்பிள்ளை அதை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிவைத்திருந்தார். "கைய உறுத்துது மச்சான்" என்றார். என் பங்குக்கு அந்த முடிச்சை மட்டும் அவர் பார்க்காதபோது அவிழ்த்து, கயிற்றை என் கையில் வைத்துக்கொண்டேன்.

நான் இருபது வயதில் தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவன். பாயும் காற்றும் எனக்கு அப்போதே பழக்கம். கடலில் பாய் விரித்த இரண்டு படகுகள் குறுக்கிட்டால் யார் ஒதுங்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு. காற்று இடப்பக்கத்திலிருந்து அடிக்கிற படகு ஒதுங்க வேண்டும். வலப்பக்கத்திலிருந்து அடிக்கிற படகு தன் போக்கிலேயே போக வேண்டும். போகலாம் என்றில்லை, போயே ஆகவேண்டும். அது தடுமாறினால் ஒதுங்குகிறவன் குழம்பிவிடுவான்.

யமுனையில் வேறு விதி இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஒரு நீலப் பாய்ப் படகு எங்களுக்குக் குறுக்கே வந்தது. வழி எங்களுக்கு. மாப்பிள்ளை சட்டென்று சுக்கானைத் திருப்பி ஒதுங்கி, தலையையும் குனிந்து வணங்கினார். "டெபுடி செக்ரட்டரி" என்றார். அடுத்து இன்னொரு படகு வந்தது. இம்முறை வழி அவர்களுக்கு, மாப்பிள்ளை நேரே போனார். அவர்கள்தான் அலறிக்கொண்டு விலகினார்கள். "அசிஸ்டென்ட்தான் அவன்" என்றார் மாப்பிள்ளை. பிறகு அந்த டெபுடி செக்ரட்டரி, மெஹ்ராவின் வெள்ளைப் பாயைத் தூரத்தில் கண்டதுமே படகைத் திருப்பிக்கொண்டு நாணலுக்குள் போய்ச் செருகிக்கொண்டார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அந்த ஆற்றில் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் சம்பள விகிதத்தைப் பார்த்துப் படகு ஓட்டினார்கள். மோதல் இல்லாமல் இத்தனை நாள் ஓடியதும் அதனால்தான்.

சிரிப்பு வந்தது. கோபம் வரவில்லை. தோல் ஷூ போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையும் கும்பிடு போட்டுக்கொண்டு, ஆனாலும் காற்று பாயை நிரப்பும்போது சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துப்போனது.

"நீங்க கொஞ்சம் ஓட்டுங்களேன் மச்சான்" என்று சுக்கானை என்னிடம் கொடுத்தார். அங்கேதான் வினை பிடித்தது.

மெஹ்ராவின் படகு எங்களுக்கு இடப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் சுக்கானில். அவர் மனைவி நடுவில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். காற்று எங்களுக்கு வலது, அவர்களுக்கு இடது. ஒதுங்க வேண்டியவர் அவர். நான் நேரே பிடித்தேன்.

"மச்சான், திருப்புங்க. சாப் வாராரு."

"அவர்தான் ஒதுங்கணும் மாப்ளே."

"அரே, அவர் ஒதுங்க மாட்டாரு மச்சான்! ஜல்தி திருப்புங்க!"

நான் திருப்பவில்லை. மெஹ்ராவும் திருப்பவில்லை. இரண்டு வருடமாக எதிரே வந்த ஒவ்வொரு படகும் விலகியதைப் பார்த்துப் பழகியவர், இதுவும் விலகும் என்று நினைத்திருப்பார். எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை. பார்த்தபோது அவர் வாய் திறந்தது, கை அசையவில்லை. கடைசி நொடியில் நான் சுக்கானைத் தள்ளினேன். எங்கள் படகின் மூக்கான அணியம் அவர்கள் படகின் பின்பக்கம் மோதியது. அது சுழன்றது, பாய் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு அறைந்தது, படகு அப்படியே கவிழ்ந்தது.

மெஹ்ராவின் தலை மேலே வந்தது. மனைவியின் தலை வரவில்லை.

நனைந்த பாய் தண்ணீர்மேல் வெள்ளையாக விரிந்து கிடந்தது, அதன் நடுவில் ஒரு இடம் உள்ளிருந்து முட்டிக்கொண்டிருந்தது. குதித்தேன். தண்ணீர் பனிக்கட்டி. பாயைத் தூக்கி அடியில் போய்க் கையால் துழாவினேன். புடவை கிடைத்தது, பிறகு தோள். இழுத்தால் வரவில்லை. கம்பளி நூல் அவள் கையிலும் ஒரு கயிற்றிலுமாகச் சுற்றியிருந்தது. பல்லால் கடித்து அறுத்தேன். வெளியே வந்ததும் அவள் இருமினாள். அந்த இருமலைப்போல் ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. அணைக்கதவுப் பக்கம் நீரோட்டம் மெதுவாக எங்களை இழுத்துக்கொண்டிருந்தது. கிளப் படகோட்டி ராம்தீன் துடுப்புப் போட்டு வந்து நான்கு பேரையும் அள்ளிக்கொண்டார். ஆமாம், நான்கு பேரையும்தான். என்னைக் காப்பாற்றவென்று மாப்பிள்ளையும் ஷூவோடு குதித்து, எங்கள் படகின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

கரையில் கம்பளி போர்த்தி உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். மெஹ்ராவின் முகம் சிவந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை. அவர் மனைவி பல் கிட்டிக்க இந்தியில் ஏதோ நீளமாக, மிகத் தெளிவாக அவரிடம் சொன்னாள்.

"என்ன சொல்லுதாவ மாப்ளே?"

"ஒண்ணும் இல்ல மச்சான். குளிருதாம்."

கிளப் செயலாளர் ஓய்வுபெற்ற ஒரு கர்னல். மோதல் என்றால் இரண்டு தரப்பும் எழுத்தில் அறிக்கை தர வேண்டும், புதன்கிழமைக்குள், என்று சொல்லிவிட்டார். அதுவரை அந்தக் கிளப்பில் அப்படி ஒரு அறிக்கைக்கு அவசியமே வந்ததில்லை.

அன்று சாயங்காலம் லக்ஷ்மிபாய் நகர் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. செண்பகம் சுக்குக் காப்பி போட்டுக்கொடுத்தாள். மாப்பிள்ளை கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார்.

"மச்சான், தப்பு நம்ம பேர்லன்னு ஒரு வரி எழுதிருவோம். புதுசா வந்தவரு, ஆறு தெரியாதுன்னு. உங்க ஃபைல் அவர் டேபிள்ல இருக்கு. என் ரிப்போர்ட் அவர் கையில இருக்கு."

"ஆறு தெரியாதுன்னா? முப்பது வருசமா எனக்கு அதான மாப்ளே வேலை?"

"எனக்குத் தெரியும் மச்சான். காயிதத்துக்குத்தான்."

செண்பகம் காப்பித் தம்ளரைப் பட்டென்று வைத்தாள். "அண்ணன் என்ன பாத்தாகளோ அத அவுக எழுதட்டும். நீங்க அத இங்கிலீசுல எழுதுங்க. அதுக்கு மேல நடக்கது நடக்கட்டும்."

"ப்ரமோஷன் போச்சுன்னா?"

"போனா இந்த வீட்லயே இருப்போம். மாடி வீட்டு அம்மாளும் இங்கதான இருக்கா."

எனக்கு இங்கிலீஷ் கப்பல் அளவுக்குத்தான் வரும். தமிழில் எழுத உட்கார்ந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். காற்று எந்தப் பக்கம், யார் ஒதுங்க வேண்டும், எல்லாம் எழுதி முடித்து, கையெழுத்துப் போடப்போன இடத்தில் பேனா நின்றுவிட்டது.

விதியில் இன்னொரு பாதி உண்டு. எதிரே வருகிறவன் ஒதுங்கவே மாட்டான் என்று தெரிந்துவிட்டால், வழி உன்னுடையது என்று சொல்லிக்கொண்டு போய் முட்டக் கூடாது. எப்படியாவது தப்பிக்க வேண்டும். அவர் ஒதுங்கமாட்டார் என்று எனக்கு எப்போது தெரிந்தது? மாப்பிள்ளை சொன்னபோதே தெரிந்தது. அதற்குப் பிறகும் நான் நேரே பிடித்தேன். ஏன் என்று எனக்குத் தெரியும். அரை மணி நேரமாக அந்தக் கும்பிடுகளைப் பார்த்துவிட்டு, ஒரே ஒருவராவது இவருக்கு ஒதுங்காமல் இருக்கட்டுமே என்று ஒரு வீம்பு. அந்த வீம்புக்கு ஒரு பெண் பாய்க்கடியில் மூச்சில்லாமல் கிடந்தாள். அதையும் எழுதினேன். "வழி எனக்கு இருந்தது. ஆனால் தேவைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தேன். அது என் தப்பு."

மாப்பிள்ளை வாங்கிப் படித்தார். உள்ளே போய் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். திங்கட்கிழமை அறிக்கையைக் கர்னலிடம் கொடுத்துவிட்டு வந்தார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அவரும் காட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுவதும் ஊர் சுற்றினேன் என்று பேர். மோதி பாக் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், தமிழ்ப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தியில் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு கடைக்காரர் கேரட் அல்வாவை இலைத் தொன்னையில் கொடுத்து, நான் தின்று முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்ல இந்தி வராமல் தொன்னையை நக்கிக் காட்டினேன். அவருக்குப் பரம திருப்தி.

புதன்கிழமை மெஹ்ரா எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். பெரிய அறை, பெரிய மேசை, அதன்மேல் கண்ணாடிக் குண்டுகள் காகிதங்களை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. உட்காரச் சொன்னார். மாப்பிள்ளை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கர்னல் அனுப்பியிருந்த எங்கள் அறிக்கையை மெஹ்ரா எடுத்து உரக்க வாசித்தார். அவர் நிதானமாக வாசித்ததால் எனக்குப் புரிந்தது. காற்று, வலது, இடது, ஒதுங்கியிருக்க வேண்டியது எதிர்ப்படகு. என் கடைசி வரியும் இருந்தது. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

"இதை எழுதியது யார்?" என்றார் மெஹ்ரா.

"அவர் எழுதினார் சார். நான் மொழிபெயர்த்தேன்."

"எதையும் மாற்றவில்லையா?"

"இல்லை சார்."

மெஹ்ரா இரண்டு கண்ணாடிக் குண்டுகளை என் பக்கம் தள்ளினார். "காட்டுங்கள்" என்றார். நான் ஒன்றை அவர் படகாக வைத்தேன், ஒன்றை எங்கள் படகாக. மேசை விசிறியைக் காற்றாக வைத்துக்கொண்டு நகர்த்திக் காட்டினேன். அவர் குண்டுகளை வாங்கித் தானே ஒருமுறை நகர்த்தினார். மறுபடியும் ஒருமுறை. பிறகு இந்தியில் மெதுவாகச் சொன்னதை மாப்பிள்ளை தமிழில் சொன்னார்.

"ரெண்டு வருசமா எல்லாரும் எனக்கு ஒதுங்கினாங்களாம் மச்சான். நல்லா ஓட்டுதோம்னு நெனச்சாராம்."

பெரிய மனிதர் ஒருவர் இவ்வளவு தனியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"என் மனைவியைக் காப்பாற்றினதுக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை" என்றார் என்னிடம் இங்கிலீஷில். "அன்றைக்கு அவள் சொன்னது உங்களுக்குப் புரிந்திருக்கும்."

"குளிருதுன்னு சொன்னதா மாப்பிள்ளை சொன்னாரு" என்றேன் என் கப்பல் இங்கிலீஷில். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். மெஹ்ராவுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. அவரே சொன்னார்: "'நான் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?' என்று கேட்டாள்."

கர்னலுக்கு அவர் கொடுத்த அறிக்கை ஒரே வரி: இந்த அறிக்கை சரி, தவறு என்னுடையது.

இனி ஃபைல் பறக்கும் என்று மாப்பிள்ளைக்கு நம்பிக்கை. எனக்கும்தான், பொய் சொல்வானேன். வெள்ளிக்கிழமை மெஹ்ரா மறுபடி கூப்பிட்டார். என் ஃபைல் திறந்து கிடந்தது. பிறந்த தேதி தப்பென்றால், வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்களுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்பது விதி. நான் கேட்டது முப்பது வருடம் கழித்து.

"உங்கள் வயது நீங்கள் சொல்வதுதான் என்று நான் நம்புகிறேன்" என்றார். "ஆனால் விதி இது. வேறு யாராவது என்றால் வளைக்க இடம் இருக்கிறதா என்று தேடியிருப்பேன். உங்களிடம் எப்படி அதைச் செய்வேன்?"

முதலில் கோபம்தான் வந்தது. உயிரைக் கொடுத்து மனைவியை இழுத்து வந்தவனுக்கு இதுவா என்று தொண்டைவரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு அது சுலபமாக இல்லை. சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டு என்னை அனுப்பிவைத்திருந்தால் அவருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! டீ வரவழைத்தார். குடித்தேன். லிஃப்ட் வரை கூடவே நடந்து வந்தார். நடையெங்கும் ஆட்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள்.

பஸ்ஸில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "என்னாலதான மச்சான். கமா விடாம எழுதிக் கொடுத்தேனே."

"அதுக்குத்தான் மாப்ளே உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை எனக்கு ரயில். முந்தைய நாள் ஓக்லாவுக்குச் செண்பகமும் வருகிறேன் என்றாள். இரண்டு வருடத்தில் அவள் அங்கே வந்ததே இல்லையாம். நான் படகில் ஏறவில்லை. மாப்பிள்ளையோடு அவர் செக்‌ஷனில் வேலை பார்க்கும் சர்மா ஏறினார். நானும் செண்பகமும் கரையில் நின்றோம். மாப்பிள்ளை வெறுங்காலோடு இருந்தார். மிதவைச் சட்டையை இடுப்புக்கு மேலே கட்டியிருந்ததில் பருத்த புறா மாதிரி தெரிந்தார்.

அன்று ஆற்றில் பெரிய குழப்பம். செய்தி பரவிவிட்டது, பழக்கம் போகவில்லை. டெபுடி செக்ரட்டரி ஒதுங்கினார், அவருக்கு எதிரே வந்தவரும் ஒதுங்கினார். இருவரும் ஒரே பக்கம் ஒதுங்கி நாணலில் சந்தித்துக்கொண்டார்கள். ராம்தீன் துடுப்போடு ஓடிக்கொண்டே இருந்தார்.

நடு ஆற்றில் மெஹ்ராவின் வெள்ளைப் பாய் வந்தது. அவர் மனைவியும் இருந்தாள், கையில் பின்னல் இல்லை. அவர்களுக்குக் காற்று இடப்பக்கம். மாப்பிள்ளைக்கு வலப்பக்கம். இரண்டு படகும் நெருங்கின. வழி உள்ளவன் குரல் கொடுக்க வேண்டும், வலப்பக்கம் என்ற பொருளில் "ஸ்டார்போர்ட்" என்று கத்த வேண்டும். அதை அவருக்கு நான் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளையின் கை சுக்கானில் நெளிவது கரையிலிருந்தே எனக்குத் தெரிந்தது. திருப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஸ்டார்போர்ட்!" என்று ஒரு சத்தம் வந்தது. உடைந்த, பெரிய சத்தம். எருமைகள்கூடத் திரும்பிப் பார்த்தன. அது போதாதென்று தமிழும் சேர்ந்து வந்தது: "ஒதுங்குங்க சாப்! ஒதுங்குங்க!"

மெஹ்ரா ஒதுங்கினார். அழகாக இல்லை. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, அவர் தலையைக் குனிந்து தப்பித்துக்கொண்டார், படகு ஒரு அரைவட்டம் போட்டு நின்றது. ஆனால் ஒதுங்கினார். அவர் மனைவி கையைத் தூக்கி ஆட்டினாள்.

செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

"பதினாறு வருசம் ஆச்சுண்ணே" என்றாள். "இவியளுக்கு இப்படி ஒரு குரல் இருக்குன்னு இன்னைக்குத்தான் கேக்கேன்."

அவளைப் பார்க்கத்தான் மாப்பிள்ளை திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பாக, கரையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே, நேராகப் போய் ஆகாயத்தாமரைக்குள் புகுந்து நின்றார்.